நூற்றுப்பத்து வயிறுகள்

தீயணைப்பு நிலையத்தில் இருபத்தொன்பது வருடம் வண்டி ஓட்டியவரைக் கூப்பிட்டு, இனிமேல் ஆடு மேய்க்கப் போங்கள் என்றார்கள்.

"தண்டனைன்னு நினைக்காதீங்கண்ணே" என்றார் நிலைய அலுவலர். வயதில் இளையவர், டிரைவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். "முழங்கால் தேஞ்சுபோச்சு, பெரிய வண்டியில ஏறி இறங்க முடியலன்னு நீங்கதான சொன்னீங்க? இது உக்காந்து பாக்குற வேலை."

"ஆடு உக்காருமா சார்?"

அலுவலர் கோப்பை மூடிவிட்டார்.

ஊருக்குப் பின்னால் இருந்த மேட்டுச் சரிவுதான் இத்தனைக்கும் காரணம். முன்பெல்லாம் தீ வருடத்துக்கு இரண்டு மாதம் வந்து போகும் விருந்தாளி. இப்போது வீட்டோடு மாப்பிள்ளை. வரவேண்டிய மாதத்தில் வராத மழை, வரக்கூடாத மாதத்தில் கொட்டியது. புல் கழுத்தளவு வளர்ந்தது. பிறகு வெயில் வந்து அதை அப்பளமாகக் காயவைத்தது. ஒரு பொறி விழுந்தால் போதும்.

போன வருடம் அந்தப் பொறி விழத்தான் செய்தது. புல் வெட்டும் இயந்திரத்தை அனுப்பினார்கள், கத்தி கல்லில் பட்டது, சரிவு பற்றிக்கொண்டது. தீயை அணைக்கும் துறையே தீ வைத்த பெருமை ஊருக்குக் கிடைத்தது. அந்த இயந்திரத்தை ஓட்டிய புண்ணியவான் நம் டிரைவர்தான். அந்தத் தீ, அவருடைய அக்கா வீட்டுக்கு இருநூறு அடி தள்ளி வந்து நின்றது.

அக்கா வீடு சரிவை ஒட்டிய தெருவில் கடைசி வீடு. அக்காவுக்கு நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது. மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் மூச்சு கொடுக்கும் மெஷின். கீழே தன் வீட்டுக்கு வந்துவிடும்படி டிரைவர் வருடம் முழுக்கக் கெஞ்சினார். "இங்கேருந்து நான் கிளம்பணும்னா நாலு பேர் தூக்கணும். உன் ஒருத்தனால முடியாது போடா" என்பாள்.

அதனால் இந்த வருடம் அந்தச் சரிவு பற்றினால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

புல்லைத் தின்று தீர்க்கத் துறை வாடகைக்குப் பேசிய ஆட்டுக்காரம்மா ஒரு லாரி நிறைய ஆடுகளோடு வந்து இறங்கினாள். நூற்றுப்பத்து. பொறி கிளப்பாத வெட்டும் இயந்திரங்கள்.

"ஆடு மேய்ச்சிருக்கீங்களா சார்?"

"லாரி ஓட்டியிருக்கேன்மா."

"பரவால்ல. லாரி அளவுக்கு எண்ணெய் குடிக்காது. ஆனா பிரேக் கிடையாது."

வேலை எளிமையானது. தெருவின் முதுகை ஒட்டி, நாற்பது அடி அகலத்துக்குப் புல்லே இல்லாத ஒரு பட்டை உண்டாக்க வேண்டும். லேசாக மின்சாரம் ஓடும் வலையால் ஒரு துண்டு நிலத்தை வளைத்து ஆடுகளை உள்ளே விடுவது, இரண்டு நாளில் புல் விரல் உயரத்துக்கு வந்ததும் அடுத்த துண்டுக்கு மாற்றுவது. தெருக் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் நாற்றம், புழுக்கை, சத்தம் என்று இரண்டு பக்க மனு எழுதிக் கொண்டுவந்தார். இரண்டாம் பக்கத்தை ஒரு ஆடு தின்றுவிட்டதால், முதல் பக்கப் புகார் மட்டும் கோப்பில் சேர்ந்தது.

சிக்கல் மாற்றுவதில்தான். ஆட்டுக்காரம்மா நாக்கைச் சொடுக்கினால் மந்தை நகரும். டிரைவர் சொடுக்கினால் அவருடைய பல்செட்தான் நகர்ந்தது. பார்த்தார். நிலையத்தின் பழைய ஜீப்பைக் கொண்டுவந்து, சைரனை ஒரு இழுப்பு இழுத்து, கூடவே தவிட்டை இறைத்தார். நாலே நாளில் சைரன் சத்தம் கேட்டதும் நூற்றுப்பத்தும் ஜீப்புக்குப் பின்னால் வரிசைகட்டி நின்றன. அன்று அவர் நடந்த நடையில் முழங்கால் வலியே தெரியவில்லை.

ஆட்டுக்காரம்மாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "சார், உங்க பெரிய வண்டியும் இதே சத்தம்தான போடும்?"

"ஆமா."

"நிஜமாவே தீ வந்தா?"

"தீ வந்தா அது என்ன தவிடா போடப்போவுது?" என்றார் டிரைவர், ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக.

மூன்றாவது வாரம், மத்தியானம் இரண்டு மணிக்கு, மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து புகை எழுந்தது. காற்று அங்கிருந்து இங்கே. பட்டை முந்தின நாள்தான் முடிந்திருந்தது. ஆட்டின் பல் பட்ட இடத்தில் தீ நிற்கும் என்று துறையின் திட்டக் காகிதத்தில் இருந்தது. காகிதமும் எரிகிற பொருள்தானே. டிரைவர் ஆடுகளை வலைக்குள் ஆட்டுக்காரம்மாவிடம் விட்டுவிட்டு ஜீப்பை அக்கா வீட்டு வாசலுக்கு விரட்டினார்.

"அக்கா, கிளம்பு."

"போன தடவை மாதிரி நின்னுடும்டா."

"போன தடவை நின்னது அதிர்ஷ்டம். வெச்சது நான்." கண்ணைத் துடைத்தபடி கட்டிலோரம் உட்கார்ந்தார். "என் கையால உன் வீட்டைக் கொளுத்தப் பாத்தேன்க்கா. ஒரு வருஷமா அந்தக் கல்லு சத்தம் காதுலயே இருக்கு. எனக்காக ஏறு."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீதான்னு ஊருக்கே தெரியும். நான் ஒரு வார்த்தை கேட்டேனா? சரி, அழாத. அந்தச் சின்ன சிலிண்டரை எடு."

சின்ன சிலிண்டரில் அரைமணி நேரத்துக்குத்தான் காற்று. அவளைக் கைத்தாங்கலாக ஜீப்பில் உட்காரவைத்தபோது பெரிய வண்டி சைரன் அலறத் தெருவுக்குள் நுழைந்து, அவர்களைத் தாண்டி மேல்கோடிக்குப் போனது.

பின்னாலேயே நூற்றுப்பத்து ஆடுகள்.

வலையைப் பிய்த்துக்கொண்டு, தவிட்டுக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு, தீயை நோக்கி ஓடின. மூச்சிரைக்கப் பின்னால் வந்த ஆட்டுக்காரம்மா அவரை ஒரு முறை முறைத்துவிட்டு ஆடுகளுக்குப் பின்னால் ஓடினாள். மேலே ஆடுகள் வண்டியை மொய்த்தன. குழாயை விரித்தவர்கள் ஆட்டின் மேல் தடுக்கி விழுந்தார்கள். உச்சியில் தீ தலைகாட்டியது.

ஜீப்புக்கு முன்னால் பாதை காலியாக இருந்தது. ஐந்து நிமிடத்தில் அக்காவைக் கீழே சேர்த்துவிடலாம். ஆட்டைக் கூட்டிக்கொண்டு போனால் ஆட்டின் வேகத்தில்தான் போக வேண்டும். டிரைவர் சிலிண்டரின் முள்ளைப் பார்த்தார். கண்ணாடியில் மந்தையைப் பார்த்தார். கியரில் கை வைத்தபடியே இருந்தார்.

"என்னடா யோசனை?" என்றாள் அக்கா. "பழக்கிவிட்டது நீதான? கூப்பிடு."

"அக்கா, உனக்குக் காத்து..."

"பேசிப் பேசி நீதான் அதைத் தீக்குற. கூப்பிடுடா!"

அவர் எட்டிப்பார்த்து, பெரிய வண்டியை ஓட்டிவந்த பையனை நோக்கிக் கத்தினார். "தம்பி, உன் சைரனை நிறுத்து!" மேலே அலறல் நின்றது. இவர் தன்னுடையதைப் போட்டார். நூற்றுப்பத்துத் தலைகளும் திரும்பின.

அப்படி ஒரு ஊர்வலத்தை அந்தத் தெரு கண்டதில்லை. முதல் கியரில் ஜீப். மூக்கில் குழாயோடு முன்சீட்டில் அக்கா, மடியில் தவிட்டு மூட்டை. ஜன்னல் வழியாகப் பிடி பிடியாக இறைத்துக்கொண்டே வந்தாள். "மந்திரி ஊர்வலமே தோத்துடும்டா! ஓட்டு மட்டும் இதுங்களுக்கு இருந்தா..." என்றவளுக்குச் சிரிப்பில் இருமல் பிடித்துக்கொண்டது. முள் இறங்கிக்கொண்டே வந்தது. டிரைவர் வாழ்க்கையில் அத்தனை மெதுவாக வண்டி ஓட்டியதில்லை. அத்தனை வேகமாக நெஞ்சு அடித்துக்கொண்டதுமில்லை.

பள்ளிக்கூட மைதானத்துக்குள் நுழைந்தபோது முள் சிவப்புக்கோட்டில் இருந்தது. காத்திருந்த ஆம்புலன்ஸ்காரர்கள் வேறு சிலிண்டரை மாட்டினார்கள். ஆட்டுக்காரம்மா உதடு அசைய இரண்டிரண்டாக எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "நூத்திப்பத்து."

ஒரு மணி நேரம் கழித்து அலுவலர் போன் செய்தார்.

"அண்ணே, உங்க அக்கா வீட்டுக்குப் பின்னாடி தீ ஆளுயரத்துக்கு மேல வந்துச்சு. வந்து..."

"வந்து?"

"நம்ம பட்டையில கால் வெச்சதும் படுத்துடுச்சுண்ணே. திங்க ஒண்ணும் இல்ல. கணுக்கால் உயரம்தான். ஈரச் சாக்கால அடிச்சே அணைச்சிட்டோம். ஒரு வீட்டுக்கும் ஒண்ணும் ஆகல."

டிரைவர் போனைக் காதிலிருந்து எடுக்க மறந்து நின்றார். இத்தனை வருடத்தில் பம்புக்கு நன்றி சொல்லியிருக்கிறார், குழாய்க்குச் சொல்லியிருக்கிறார், ஒருமுறை ஹெல்மெட்டுக்கு முத்தம்கூடக் கொடுத்திருக்கிறார். வயிற்றுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஆட்டின் நெற்றியில் கை வைத்தார். அது அவருடைய சட்டைப் பொத்தானைக் கடித்துப் பார்த்தது.

"ரொம்ப நன்றிம்மா" என்றார் ஆட்டுக்காரம்மாவிடம். "என் மடத்தனத்துக்கு மன்னிச்சிரு."

"ரெண்டையும் நீங்களே வெச்சுக்கங்க சார். மேட்டுல மிச்சம் இருந்த புல்லெல்லாம் போச்சு. நாளைக்கு இதுங்க என்னத்தைத் திங்கும்?"

அது அவருக்குத் தோன்றவே இல்லை. தீயை எதிர்பார்த்த காகிதங்களில் யாரும் அதை எழுதியிருக்கவில்லை. வீட்டைக் காப்பாற்றிய வயிறு நாளைக்கும் பசிக்கும் வயிறுதான்.

மறுநாள் காலை ஜீப்பில் மைக்கைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். சைரன் பக்கம் கையே போகவில்லை. "காய்த்தோல், கீரைத்தண்டு, வேலியில வளந்த தழை, எது இருந்தாலும் கொடுங்க. மனுவும் கொடுக்கலாம், ரெண்டு பக்கமும் தின்னும்" என்றார். கூடைகள் வந்தன, பைகள் வந்தன, ஒரு வீட்டிலிருந்து குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி நிறையத் தர்பூசணித் தோல் வந்தது. செயலாளர் தானே வேலியை வெட்டி, வியர்க்க விறுவிறுக்கத் தலையில் சுமந்து வந்தார். "இவ்வளவு போதுமாம்மா?" என்று டிரைவரிடம் கேட்கவில்லை, ஆட்டுக்காரம்மாவிடம் கேட்டார்.

அக்கா வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். கொல்லைப்புறம், தீயில் கரிந்த நிலம் முடிகிற கோட்டுக்கு இந்தப் பக்கம் மந்தை நின்றது. ஜன்னலுக்கு உள்ளேயிருந்து மெஷின் சத்தமும் அவள் குரலும் சேர்ந்து வந்தன.

"டேய், கொல்லை மரத்துல பாதி இலை மேலதான் இருக்கு. கீழ நின்னு வேடிக்கை பாக்குறியே?"

"முழங்கால்க்கா..."

"பாவம், பசியோட நிக்குதுங்க. ஏறுடா."

அவர் ஏணியைச் சாத்தி, முனகிக்கொண்டே ஏறினார். எத்தனையோ வீடுகளில், எத்தனையோ மாடிகளுக்கு ஏணி ஏறியவர்தான். ஆனால் நூற்றுப்பத்து முகங்கள் கீழே அண்ணாந்து நின்று, அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தது இதுதான் முதல்முறை. முதல் கிளையை வெட்டி, பூப்போல இறக்கினார்.