இரண்டுங்கெட்டான் புயல்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது சமையலறையில். வானிலை ஆய்வு அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் மனைவியும், எதிர்த்தீவுக்குப் பயணிகள் படகு ஓட்டும் அவள் தம்பியும், சாப்பிட்ட கை காயக் காயச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டை ஒரு புயலைப் பற்றி. அது போய் மாதக்கணக்காகிறது, இவர்கள் ஓய்ந்தபாடில்லை. எழுதிவிட்டால் தொல்லை விடும் என்று உட்கார்ந்தேன்.

முதல் வரி இப்படி வந்தது: "வானம் கறுத்தது. கடல் பொங்கி எழுந்து..."

அடித்துவிட்டேன். அன்று காலை கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது என்கிறான் மச்சினன்.

2

(கதைக்குள் பாடம் நடத்தக் கூடாதுதான். இது கொஞ்சம், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நாம் அறிந்த புயலுக்குக் கடல் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். குளிர்நாட்டுப் புயலோ சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் முட்டிக்கொள்வதால் பிறப்பது. இரண்டிலும் சேராத ஒன்று உண்டு. உயரே, குளிர்காற்றுச் சுழல் ஒன்று தன் கூட்டத்தை விட்டுத் துண்டாகிக் கடலுக்கு மேல் நின்றுவிடும். கீழே தண்ணீர் வெறும் வெதுவெதுப்புதான். ஆனால் மேலே அவ்வளவு குளிர் என்பதால் அந்த வெதுவெதுப்பே போதுமானதாகிவிடும். ஈரக்காற்று விறுவிறுவென மேலேறும், இடிமேகம் திரளும், கீழே அழுத்தம் குறையும், எல்லாம் மெல்லச் சுழலத் தொடங்கும். துணை வெப்பமண்டலப் புயல் என்று அதற்குப் பெயர். என் மனைவி வீட்டில் அதை இரண்டுங்கெட்டான் என்பாள். அதன் நடுப்பகுதி பெரும்பாலும் சோம்பிக் கிடக்கும். பலத்த காற்று வெகுதூரம் தள்ளித்தான் அடிக்கும். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மறக்காதீர்கள். மற்றதை மறந்தால் பாதகமில்லை.

3

அலுவலக அறிக்கை காலையிலேயே போய்விட்டது: "காற்று வலுக்கக்கூடும், கவனம்." படகை எடுப்பதும் எடுக்காததும் ஓட்டுபவர் பாடு. மனைவி தன் தம்பிக்குப் போன் போட்டாள்.

"கிளம்பிட்டியா?"

"ஆள் ஏத்திட்டிருக்கேன். ஏன்க்கா?"

"புயல்டா."

"அது எங்கயோ கிடக்கு. அதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன்."

"நடுப்பகுதிதான் எங்கயோ கிடக்கு. காத்து உன் பக்கம்தான்."

"போன தடவையும் இதையேதான் சொன்ன. படகைக் கட்டிப் போட்டேன். காயப்போட்ட சட்டைகூட ஆடல. துறைமுகமே சிரிச்சுது, தெரியும்ல?"

[இங்கே, 'அவள் உறுதியான குரலில் சொன்னாள்' என்று எழுதியிருந்தேன். மனைவி படித்துவிட்டு, "உறுதியாவா? எனக்கே நிச்சயமில்ல. மாத்துங்க" என்றாள். மாற்றிவிட்டேன்.]

அவளுக்கே நிச்சயமில்லை.

"ஆபீஸைக் கேட்டா, வாய்ப்பு இருக்குன்னுதான் சொல்லும். அக்காவைக் கேக்கிறியா? போகாதடா."

இன்ஜின் நிற்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

4

எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். ஒரு தையல்காரர் மட்டும் இறங்கவில்லை. மாலையில் தீவில் அவர் மகளுக்குக் கல்யாணம். தன் கையால் தைத்த மணப்பெண் உடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மனுஷனாய்யா நீ? ஒரு மேகம் இருக்கா மேல? பெத்த பொண்ணு கல்யாணம்யா!"

"திட்டுங்க. இறங்கி வந்து திட்டுங்க" என்றான் மச்சினன்.

காத்திருப்புக் கூடத்தில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொண்டான். கடல் அசையவே இல்லை. 'மறுபடியும் ஏமாந்துட்டேன்' என்றே அவனுக்குத் தோன்றியதாம். அவர் மகளுக்குப் போன் செய்து, "நான் இல்லாமலே நடத்திக்கோங்கம்மா" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. மறுமுனையில் மகள் கத்தியது இவனுக்கே கேட்டது:

"எப்படிப்பா நடத்துறது? டிரஸ் உங்ககிட்டல்ல இருக்கு!"

தையல்காரர் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்தார். மறுபடி திட்ட ஆரம்பித்தார்.

மதியத்துக்கு மேல், படகு கிளம்பியிருந்தால் பாதி வழியில் இருந்திருக்கும் நேரத்தில், காற்று வந்தது. கூடத்தின் கண்ணாடிகள் கடகடவென்று ஆடின. படித்துறையை அலை தாண்டியது. தையல்காரர் திட்டுவதை நிறுத்திவிட்டு உடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

5

முடிவு ஒன்று: 'நடுக்கடலில் மாடி உயர அலைகள்...'

"பொய் மாமா" என்றான் மச்சினன். "பெரிய அலைதான். ஆனா நான் ஓட்டிட்டுப் போயிருப்பேன்."

"கிழிச்சிருப்ப" என்றாள் மனைவி.

முடிவு இரண்டு: 'தையல்காரர் மன்னிப்புக் கேட்டு...'

கேட்கவில்லை. காற்று அடங்கியதும் அதே படகில் போனார். இரண்டு நாள் தள்ளிக் கல்யாணம் நடந்தது. இறங்கும்போது, "உன்மேல எனக்குக் கோபம் போகல. கல்யாணத்துக்கு வந்துடு" என்றாராம். போய் இரண்டு பந்தி சாப்பிட்டுவிட்டு வந்தான்.

முடிவு மூன்றுதான் சிக்கல். கிளம்பாத படகு நடுக்கடலில் என்ன ஆகியிருக்கும்? கரை சேர்ந்திருக்குமா? எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது, அதனால்தான் சண்டை தீரவில்லை. தீர்ப்புச் சொல்ல எனக்குத் தைரியமில்லை, இந்த வீட்டில்தான் நான் சாப்பிட வேண்டும். நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

சொல்வதற்கு முன் இதையும் கணக்கில் எடுங்கள்: 'ஓட்டிட்டுப் போயிருப்பேன்' என்று இன்றுவரை சாதிக்கும் இவன், இப்போதெல்லாம் தினமும் காலையில் இன்ஜினைக் கிளப்புமுன் போன் போடுகிறான். வானிலை பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

"அக்கா, கிளம்பட்டுமா?" என்கிறான்.

அவள் ஜன்னலைக்கூடப் பார்க்காமல், தேநீரை ஆற்றிக்கொண்டே, "முதல்ல சாப்டியா, சொல்லு" என்கிறாள்.