வேகவதி தங்கிப்போன வீடு

ஊரடங்கு போட்ட வருஷம் சித்திரை மாதத்தில் வேகவதி ஆறு தன் படுகையை விட்டு எழுந்து, திருப்பருத்திக்குன்றத்தில் கனகமாலா வீட்டுத் தோட்டத்துக்கு வந்து படுத்துக்கொண்டது. தெருவில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. அந்த வருஷம் ரயில் நின்றது, காஞ்சிபுரத்துக் கோயில்களையெல்லாம் பூட்டினார்கள், சொந்தத் தாய்மாமன் கல்யாணத்துக்கு வரக் கூடாது என்றார்கள். இத்தனைக்கும் நடுவில் ஆறு இடம் மாறியது ஒரு சேதியா? பால்காரர் மாணிக்கவேல் மட்டும் வேட்டி நனைந்த எரிச்சலில், இனிமேல் தோட்டப் பக்கம் வர முடியாது, முன்வாசலிலேயே பாலை ஊற்றிவிட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு முன்னால் அந்த ஆறு இருந்த லட்சணத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அக்கரையில் இருந்த சாயப்பட்டறைகள் பட்டு நூலுக்குத் தோய்த்தது போக மிச்சத்தையெல்லாம் அதில்தான் விட்டன. ஊர்ச் சாக்கடையும் அதில்தான் கலந்தது. கனகமாலா வீட்டுக் கிணறு ஆற்றை ஒட்டியே இருந்ததால் ஆற்றில் என்ன நிறமோ அதுதான் கிணற்றிலும். இந்த முகூர்த்தத்துக்கு மாம்பழ மஞ்சள்தான் ஓடுகிறது, போன முகூர்த்தத்து மயில் கழுத்து நிறம் அடிபட்டுப்போயிற்று என்று அவள் கணவர் பத்மராஜ் கிணற்றை எட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். புடவை எடுக்க வரும் சொந்தக்காரர்கள் கடைக்குப் போகும் முன் அவருக்குப் போன் போட்டுக் கேட்பார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். போனை வைத்த பிறகு அந்தச் சிரிப்பு இருக்காது.

கனகமாலா சமண வீட்டுப் பெண். தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் அவள் வாயில் வைத்ததில்லை. வடிகட்டிய பிறகு துணியை உதறிப் போட்டுவிடவும் கூடாது. அதில் தங்கிய சின்னஞ்சிறு உயிர்களை, எந்தத் தண்ணீரிலிருந்து வந்தனவோ அதே தண்ணீரில் கொண்டுபோய் விட வேண்டும். கிணறு கெட்ட பிறகு கேன் தண்ணீர் வாங்கினார்கள். அதையும் விடாமல் வடிகட்டினாள். துணியில் ஒன்றும் தங்காது. திருப்பி விட ஒன்றுமில்லாத வெறும் துணியை அவள் வருஷக்கணக்காகக் கொடியில் காயப்போட்டு வந்தாள். அந்தப் பங்குனியில் ஊரே மூக்கிலும் வாயிலும் துணி கட்டிக் காற்றை வடிகட்டத் தொடங்கியபோது, இப்பவாவது தெரிஞ்சுதே என்று ஒரு வார்த்தை சொன்னாள்.

பட்டறைகள் மூடிய சில வாரங்களில் ஆறு தெளிந்தது. தெளிந்ததும் அதற்குத் தன் அடிமணல் தெரிந்தது. மணலில் கிடந்த செருப்பும் பாட்டிலும் பிளாஸ்டிக் பையும் தெரிந்தன. அந்த இடத்தில் அதற்கு மேல் அதனால் இருக்க முடியவில்லை. தண்ணீரை மரியாதையாக நடத்தும் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்பது பத்மராஜின் கணிப்பு. வந்த ஆறு கொய்யா மரத்தைச் சுற்றிக்கொண்டு, மாட்டுக் கொட்டகையைத் தொடாமல், துவைக்கிற கல்வரை வந்து நின்றது. பத்மராஜ் பால் வற்றிய மாட்டை மட்டும் ஓர் அடி தள்ளிக் கட்டினார்.

அந்த நான்கு மாதம் கனகமாலா சந்தோஷமாக இருந்தாள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை. கெண்டைக் குஞ்சுகள் வந்தன, மீன்கொத்தி வந்தது, சாயங்காலத் தவளைச் சத்தத்தில் பத்மராஜுக்கு டிவி கேட்கவில்லை. இருட்டிய பிறகு சாப்பிடாத வீடு அது; பொழுது சாய்வதற்குள் அவர்கள் சாப்பிட உட்கார்ந்தால் ஆறு சலசலப்பை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். முதல் நாள் அவள் ஒரு குடம் மொண்டு வடிகட்டியபோது துணியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஏதோ துடித்தது. துணியை அப்படியே எடுத்துப்போய்த் தண்ணீரில் அலசி விட்டாள். விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அந்தத் துணியைக் கொடுத்தவன் உதயகுமார். அக்கரையில் பட்டறை வைத்திருந்த சாயக்காரன். கனகமாலாவுக்குக் கூடப்பிறந்த தம்பி கிடையாது. அந்த இடத்தில் அவன் இருந்தான். வருஷா வருஷம் தீபாவளிக்கு முந்தின நாள், சாயம் படாத வெள்ளைத் துணி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, உங்க வடிகட்டிக்கு அக்கா என்பான். அவன் பட்டறைத் தண்ணீரை வடிகட்டத்தான் அவன் துணி என்று பத்மராஜ் முணுமுணுப்பார். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். ஊரடங்கில் வேலையில்லாமல் போனதும் அவனும் மனைவி அம்சவேணியும் அநேகமாக அவள் வீட்டுச் சோற்றில்தான் இருந்தார்கள். மீன் என்றால் உயிரை விடுகிறவன், தோட்டத்து ஆற்றில் துள்ளிய கெண்டையைப் பார்த்து ஒரு நாளும் தூண்டிலைப் பற்றி வாய் திறக்கவில்லை. இந்த ஒன்றுக்காகவே அவள் அவனை முழுசாக நம்பினாள்.

ஆனி மாதம் தளர்வு அறிவித்தார்கள். செவிலிமேட்டுப் பக்கம் முதல் டவுன் பஸ் ஹாரன் அடித்தபோது, துவைக்கிற கல்லைத் தொட்டுக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று ஒரு முழம் பின்வாங்கியது. கனகமாலா கரையில் குந்தி உட்கார்ந்தாள். “பயப்படாதமா. உதயா என் தம்பி. நான் சொன்னா கேப்பான். அவனுக்கு நான் பொறுப்பு” என்றாள். ஆறு மெதுவாகத் திரும்பி வந்து கல்லைத் தொட்டது.

அன்றைக்கே அவனைக் கூப்பிட்டுவிட்டாள். “என்னெ நம்பி வந்துக்கினு இருக்குதுபா. நீ பட்டறைய தொறந்தா அது எங்க போவும்?”

“தொறந்தாலும் ஆத்துல வுடமாட்டேன்கா. தொட்டி கட்டி அதுல வுட்டுக்கறேன். வாக்கு.”

“எங்கிட்ட சொல்லாத. அதுகிட்ட சொல்லு.”

சாயக்காரர்கள் வாக்குக் கொடுப்பதற்கு ஒரு முறை இருந்தது. யாருக்கு வாக்கோ அவர் எதிரில் சாயக் கொப்பரையில் மணிக்கட்டுவரை கையை நனைக்க வேண்டும். கையில் நிறம் இருக்கிறவரை வாக்கு இருக்கும். வேரிலும் பட்டையிலும் சாயம் காய்ச்சிய காலத்தில் ஏற்பட்ட வழக்கம் அது. தோலில் ஏறிய நிறம் லேசில் இறங்காது, அது இறங்குவதற்குள் வாக்கு மனசில் ஊறிவிடும் என்று வைத்தார்கள். மறுநாள் காலை உதயகுமார் செப்புக் கொப்பரையை டிவிஎஸ் வண்டியின் முன்னால் வைத்து, அம்சவேணியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தான். அரக்குச் சாயம் கரைத்தான். ஆற்றைப் பார்த்து நின்று வலது கையை முக்கி எடுத்தான். ஆறு அதைப் பார்த்தது. கனகமாலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் வாசனை குப்பென்று வந்தது, தலைக்குத் தடவியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். அம்சவேணி மட்டும் யார் முகத்தையும் பார்க்காமல் கொய்யா மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தள்ளிப்போட்ட கல்யாணங்களெல்லாம் ஆவணியில் வந்து குவிந்தன. ஒரு நாள் காலை கனகமாலா குடத்தோடு தோட்டத்துக்குப் போனபோது ஆறு அரக்கு நிறத்தில் கிடந்தது. கெண்டைக் குஞ்சுகள் அரக்கு நிறத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. மீன்கொத்தி ஒரு தரம் பாய்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அவள் குடத்தை அங்கேயே போட்டுவிட்டுப் பட்டறைக்கு நடந்தாள். தொட்டி இல்லை. தொட்டிக்கென்று ஒரு செங்கல்கூட இறங்கவில்லை. பழைய குழாய் பழைய வழியில் ஊற்றிக்கொண்டிருந்தது, ஊற்றியது படுகை வழியே தோட்டத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

உதயகுமார் ஓடி ஒளியவில்லை. வலது கையை விரித்து அவள் முன்னால் நீட்டினான். கழுவிவிட்ட வெண்கலத் தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது.

“பாருங்கக்கா, நிறமே இல்ல. நாலே நாள்ல போயிடுச்சு. நிறம் போனா வாக்கு முடிஞ்சுதுன்றது பெரியவங்க வெச்சது, நானா வெச்சேன்? ஆர்டர் குவிஞ்சு கெடக்குது. நான் மட்டும் மூடிக்கினு குந்திக்கினு இருந்தா பக்கத்து பட்டறைக்காரன் வாங்கிக்கினு போயிடுவான்.”

அம்சவேணிதான் உள்ளிருந்து வந்து சொன்னாள். “அன்னிக்கு கெளம்பறப்போ கைக்கு எண்ணெ தடவிக்கினுதான் வந்தாருக்கா. சாயம் புடிக்காம இருக்க வேலைக்கி போறப்ப தடவறது. வேலையே இல்லாம மூணு மாசமா தடவல. அன்னிக்கு தடவினாரு. பாத்துக்கினுதான் இருந்தேன். வாய தொறக்கல.”

கனகமாலா இருவரையும் பார்த்தாள். திட்டவில்லை. திட்டுவதற்கு உண்டான வார்த்தைகள் அவள் வீட்டில் புழங்கியதில்லை. திரும்பி வீட்டுக்கு வந்தபோது தோட்டம் காலியாக இருந்தது. ஆறு எழுந்து போயிருந்தது. எந்தப் பக்கம் போனது என்பதற்கு ஓர் ஈரத் தடம்கூட விட்டு வைக்கவில்லை. கொய்யா மரத்தடிப் பள்ளத்தில் மட்டும் அரக்குத் தண்ணீர் கொஞ்சம் தேங்கிக் கிடந்தது. சாயங்காலம்வரை அங்கேயே இருந்தாள். சாப்பிட வா, பொழுது சாயப்போகிறது என்று பத்மராஜ் கூப்பிட்டார். அவள் சாப்பிடவில்லை. அவன் ஏமாற்றியது ஒரு பக்கம். ஆற்றிடம் பொறுப்பு என்று சொன்னது அவள் வாய் அல்லவா? அந்த ஆறு இப்போது அவளையும் அவனையும் ஒரே கணக்கில்தான் வைத்திருக்கும் என்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் அந்தப் பள்ளத்துத் தண்ணீரை உதயகுமார் கொடுத்த துணியிலேயே வடிகட்டினாள். தண்ணீர் பளிங்காக இறங்கியது. அரக்கு முழுவதும் துணியில் தங்கியது. வழித்துப் பார்த்தால் ஒரு குடம் வந்தது. துணியில் தங்கியதை வந்த இடத்தில் விட வேண்டும் என்பது முறை. குடத்தைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போய், அவன் தடுப்பதற்குள் கொப்பரையில் ஊற்றினாள். ஊற்றியது கொப்பரையில் நிற்கவில்லை. விளிம்பில் இருந்த அவன் வலது கையில் ஏறி, மணிக்கட்டுவரை போய் நின்றது. எண்ணெய், சோப்பு, மண்ணெண்ணெய் எதற்கும் அது அசையவில்லை. ரேஷன் கடை மெஷின் அந்த விரலை ஏற்றுக்கொள்வதில்லை, அம்சவேணிதான் போய் வாங்கி வருகிறாள். ஊர் பார்த்துப் பழகிவிட்டது.

உதயகுமார் பயந்துபோய்க் குழாயை அடைத்தான். செங்கல் இறக்கித் தொட்டியும் கட்டினான். கட்டி முடித்ததும் அவள் வீட்டு வாசலில் வந்து கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றான்.

“இப்ப நிறம் இருக்குதுக்கா. சாவற மட்டும் போவாது. வாக்கு இருக்குதுன்னு சொல்லிடுங்க.”

“யாருகிட்டப்பா சொல்றது?” என்றாள் கனகமாலா. கதவைச் சாத்தவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை. அந்தத் தீபாவளிக்கு அவன் கொண்டுவந்த வெள்ளைத் துணி படியிலேயே கிடந்து காற்றில் போயிற்று.

அடுத்த வருஷம் இரண்டாம் அலையில் மறுபடியும் ஊரை அடைத்தார்கள். பட்டறைகள் மூடின. வைகாசியில் ஒரு காலை வேகவதி வந்தது. கனகமாலா தோட்டத்துப் படலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். தெருமுனையில் அது அவளைப் பார்த்தது. பார்த்துவிட்டு, பேச்சுவார்த்தை நின்றுபோன சொந்தக்காரர் போல எதிர்வாடைக்கு மாறி, அவள் வீட்டைத் தாண்டிப் போய் ஊர்க்கோடியில் வயல்வெளிக்கு நடுவே வழி பிடித்துக்கொண்டது. தளர்வு வந்த பிறகும் அது திரும்பவில்லை. பழைய படுகையில் இப்போது மற்றப் பட்டறைகளின் தண்ணீர் மட்டும் ஓடுகிறது.

கனகமாலா தினமும் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு அந்த ஆற்றுக்குப் போகிறாள். அவள் கால் வைக்கிற இடத்தில் மட்டும் தண்ணீர் இரண்டு பக்கமும் விலகிக்கொள்கிறது. குடத்தைச் சாய்த்தால் அதிலிருந்தும் விலகுகிறது. அக்கரைவரை நடந்து, சற்று நேரம் நின்று, காய்ந்த காலோடும் வெறுங் குடத்தோடும் திரும்பி வருகிறாள். அந்த நேரம் பார்த்து வயலுக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் கரையில் வந்து காத்திருக்கிறார்கள். பாலம் கேட்டு யாரும் மனுக் கொடுக்கவில்லை. பால்காரர் மாணிக்கவேல் அவள் பின்னாலேயே, வேட்டி நனையாமல், கேனோடு கடந்து போய்விடுகிறார்.