இரண்டு மணிப் பதிவு

அய்யாசாமியின் ஒரு நாள் மூச்சுக்கு விலை முப்பத்தேழாயிரத்து அறுநூறு ரூபாய், வரி உட்பட. நாளுக்கு நான்கு குப்பி, குப்பி ஒன்பதாயிரத்து நானூறு. அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம் என்று முடிவெடுத்த தில்லி அறையில் அவருடைய மனைவி கனகாவும் உட்கார்ந்திருந்தாள். இப்போது அதே கனகா, மைசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஐசியூ வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய செருப்பைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

பில் கவுண்டரிலிருந்து கொழுந்தன் பழனிமுத்து வந்தார். கண் சிவந்திருந்தது, கையில் ஒரு கத்தைத் தாள்.

"எட்டாயிரம் குறைச்சுட்டனுங்க அண்ணி. மூக்குல குழாய் வுட்டு ஊத்துன கஞ்சிக்கு நாளுக்கு எண்ணூறு போட்டிருக்கானுங்க. கஞ்சியா குங்குமப்பூவான்னு கேட்டேன். அந்தப் புள்ளை சிரிச்சுப்போட்டு அடிச்சு வுட்டுட்டா."

"உங்க அண்ணன் இருந்தா பன்னெண்டாயிரம் குறைச்சிருப்பார்."

"அவரு இருந்தா பில்லே குடுத்திருக்க மாட்டாரு." சொல்லிவிட்டுத் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஊசி எட்டு மிச்சம் இருக்குதுங்களே அண்ணி. எழுபத்தஞ்சாயிரத்து இருநூறு ரூவா. பெங்களூர்ல ஒருத்தன் ஒண்ணுக்கு ரெண்டா எடுத்துக்கறேங்கறான்."

கனகா அவரைப் பார்த்தாள்.

"செரி செரி. போலீஸ்காரன் வூட்லயே சாராயம் விக்கப் பார்த்தேன். வண்டி வந்துட்டுதான்னு பார்க்கறேன்" என்று படியிறங்கிப் போனார்.

அய்யாசாமிக்கு மைசூர் சந்தேப்பேட்டையில் எவர்சில்வர் பாத்திரக் கடை. கனகாவுக்குத் தில்லியில் மருந்துகளின் விலைக்கும் தரத்துக்கும் விதி எழுதும் அலுவலகம். இருபத்தாறு வருடக் கல்யாணத்தில் பாதியை ரயிலிலும் மீதியைத் தொலைபேசியிலும் நடத்தினார்கள். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம். அதற்குப் பிறகு ஒரே வீட்டில் இருப்பதாகப் பேச்சு.

போன வாரம் கடையில் ஒரு குடத்தை எடுக்க எழுந்தவருக்குக் கால் மரத்துப்போனது. மறுநாள் கை. அதற்கும் மறுநாள் மூச்சு. உடம்பின் காவல்காரர்களே நரம்பைத் தின்கிற வியாதி என்று டாக்டர் விளக்கினார். மனித இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஊசிமருந்து, ஐந்து நாள், இருபது குப்பி. மைசூரில் கிடைக்கவில்லை. அதன் விலையைக் கனகாவின் அலுவலகம் குறைத்தபோது பத்திரிகைகள் பாராட்டின. ஆறாவது மாதம் சரக்கைக் காணோம். "கனகா, நீ விலையைக் கட்டிப்போட்டே, சரக்கு அவுத்துக்கிட்டுப் போயிருச்சு" என்று அப்போதே தொலைபேசியில் சிரித்தவர்தான் அய்யாசாமி. தனக்கே அந்தச் சரக்கு வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியாது. பழனிமுத்து இரண்டு நாள் அலைந்து, நான்கு ஊரில் கெஞ்சி, இருபதையும் ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து சேர்த்தார்.

மூச்சுக்குக் குழாய் போட்ட பிறகு அவரால் பேச முடியவில்லை. இமை மட்டும் அசையும். ஒரு சிமிட்டு ஆமாம், இரண்டு சிமிட்டு இல்லை. எதைக் கேட்டாலும் முதலில் இரண்டு சிமிட்டுவார். திருப்பிக் கேட்டால்தான் ஒன்று. சொன்ன விலைக்கு ஒரு பொருளையும் வாங்காதவருக்குப் பழக்கம் விடவில்லை. இன்று காலையும் அப்படித்தான். "வலிக்குதா?" இரண்டு. "நிஜமாச் சொல்லுங்க." ஒன்று. மூன்றாம் நாள் ஊசி பதினோரு மணிக்கு முடிந்தது. ஒன்றே முக்காலுக்கு இதயம் தாளம் தப்பியது. இந்த வியாதியில் அப்படியும் நடக்கும் என்றார்கள். இரண்டரைக்குத் திரையை இழுத்தார்கள்.

செருப்புப் பொட்டலத்துக்குக் கயிறு கிடைக்காமல் அவள் பையைத் துழாவிக்கொண்டிருந்தபோது எதிரில் ஒரு பெண் வந்து நின்றாள். பக்கத்துப் படுக்கைப் பையன் மனோஜ்குமாரின் அம்மா மாதம்மா. ராமாபுரத்துக்காரி. மூன்று நாளாக இருவரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள். பையனுக்கு இருபத்திரண்டு வயது, அதே வியாதி, அதே ஊசி. இரண்டு நாள் போட்டதோடு மருந்து தீர்ந்துவிட்டது. அடுத்தது திங்கட்கிழமைதான் வரும். இன்று சனிக்கிழமை.

மாதம்மா தரையிலேயே உட்கார்ந்தாள்.

"கேக்கக் கூடாத நேரமுங்க அம்மணி."

"கேளுங்க."

"பையனுக்குக் காலையில இருந்து எச்சில் முழுங்க முடியலீங். சாயந்தரத்துக்குள்ள அவனுக்கும் குழாய் போட்டுருவோம்னு டாக்டரம்மா சொல்றாங்கோ. உங்கூட்டு ஊசி எட்டு இருக்குதுன்னு நர்சம்மா சொன்னாங்க. ஊசி சும்மா வேண்டாமுங்க. ராகி போட்ட காடு ஒண்ணரை ஏக்கரா இருக்குது."

"காட்டைப் பத்திப் பேசாதீங்க மாதம்மா."

"வேற என்னத்தப் பேசறதுங்க, எங்கிட்ட அதுதானே இருக்குது."

கனகா எழுந்து டாக்டர் வினிதாவின் அறைக்குப் போனாள். வினிதாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மதியம் அய்யாசாமிக்காக வியர்த்த உடை இன்னும் மாற்றவில்லை. விஷயத்தைச் சொன்னதும் கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டாள்.

"மேடம், குளிரில் வைக்கிற மருந்து ஒருத்தருக்குக் குடுத்தாச்சுன்னா இன்னொருத்தருக்குப் போடக்கூடாது. ரூல் நீங்க எழுதினது."

"எந்தக் காரணத்துக்காகவும்" என்றாள் கனகா. அந்த இரண்டு சொல்லைச் சேர்த்ததே அவள்தான். விதிவிலக்கு ஒன்று வைத்தால் அடுத்த வருடம் ஊரே அந்த வாசல் வழியாகப் போகும் என்று ஒரு கூட்டம் முழுக்க வாதாடியிருந்தாள்.

வினிதா கதவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "குப்பி எல்லாம் நம்ம ஃபிரிட்ஜ்லயேதான் இருந்தது. டெம்பரேச்சர் நோட்டு கிளீனா இருந்து, நீங்களும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டா, நானு ரிஸ்க் எடுக்கிறேன். ஆ ஹுடுகனுக்கு, அந்தப் பையனுக்கு, ரெண்டு நாள் கிடைச்சாப் போதும்."

அந்த நோட்டே கனகா தொடங்கி வைத்ததுதான். புருஷன் கிடக்கையிலும் ஐசியூ ஃபிரிட்ஜில் வெப்பமானி தொங்கவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அளவு எழுதச் சொன்ன பெண்மணியை நர்சுகள் 'டெல்லி மேடம்' என்று தங்களுக்குள் கேலி செய்தார்கள், ஆனாலும் எழுதினார்கள். உச்ச அளவைத் தானே நினைவில் வைத்துக்கொள்ளும் கருவி ஒன்று அவள் தில்லி மேசையில் கிடந்தது. விமானத்துக்கு ஓடிய அவசரத்தில் அதை எடுக்கவில்லை. மூன்று நாளாக அது உறுத்தியது.

நோட்டைத் திறந்தாள். பன்னிரண்டு மணி, நான்கு புள்ளி இரண்டு. இரண்டு மணி, நான்கு புள்ளி நான்கு. நான்கு மணி, நான்கு புள்ளி மூன்று. மூன்றும் நர்ஸ் லீலாவின் கையெழுத்து.

இரண்டு மணிக்கு லீலாவின் இரண்டு கைகளும் அய்யாசாமியின் நெஞ்சின் மேல் இருந்தன. எண்ணிக்கொண்டே அழுத்தினாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற கனகாவும் கூடவே எண்ணினாள். முப்பதில் நிறுத்தி, மறுபடி ஒன்றிலிருந்து.

இரண்டாவது வரியும் மூன்றாவது வரியும் ஒரே மையில், ஒரே அழுத்தத்தில், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருந்தன. அதைக் கண்டுபிடிக்கத்தான் அரசாங்கம் அவளுக்கு இருபத்தெட்டு வருடம் சம்பளம் கொடுத்தது. ஒரு முறை ஒரு தொழிற்சாலையில், பூட்டிக் கிடந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் அளவு எழுதியிருந்த ஓர் இளைஞனைப் பிடித்தாள். மருந்து கெடவில்லை என்று அவன் அழுதான். கெடவில்லை என்று அவளுக்கும் தெரியும். புத்தகம் கெட்டுவிட்டது என்றாள். அவனுக்கு வேலை போயிற்று.

"லீலா, இங்க வாம்மா."

லீலா வந்து நின்றாள். நோட்டைப் பார்த்ததும் உதட்டைக் கடித்தாள்.

"தப்பாயித்து மேடம். எண்ட்ரி விட்டுப் போயிருந்துச்சு, அதான் நாலு மணிக்குச் சேர்த்து எழுதிட்டேன். அந்தப் பையனுக்கு யூஸ் ஆகட்டும்னு. நீங்க கவனிக்க மாட்டீங்கன்னு நினைச்சேன், இன்னைக்கு."

"எனக்கு வேற எதுவும் கவனிக்கத் தெரியாது, லீலா."

"ஃபிரிட்ஜு கூலாத்தான் மேடம் இருந்துச்சு."

"கரண்ட் போச்சா நடுவுல?"

லீலா யோசித்தாள். "ஜெனரேட்டர் சத்தம் கேட்டுச்சு. எவ்ளோ நேரம்னு கொத்தில்ல, தெரியாது மேடம். சாரைத்தான் பார்த்துட்டு இருந்தோம் எல்லாரும்."

கனகா நோட்டை மூடினாள், மறுபடி திறந்தாள். பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும். நான்கு புள்ளி நான்கு என்பது நம்பக்கூடிய எண். யாரும் கேட்கப் போவதில்லை, கேட்கிற வேலையில் இருப்பவளே அவள்தான். வாயைத் திறந்தால், டாக்டர் பயந்துபோய் எட்டுக் குப்பியையும் சாக்கடையில் கொட்டுவாள், பையனுக்குக் குழாய் போடுவார்கள். அந்தக் குழாய்க்குப் பின்னால் என்னவெல்லாம் வரும் என்பதை அவள் மூன்று நாளாகப் பார்த்திருந்தாள்.

படியேறி வந்த பழனிமுத்து மூச்சு வாங்கினார். "வண்டி வந்துருச்சுங்க அண்ணி. மூவாயிரத்து ஐநூறு கேட்டான், ரெண்டாயிரத்து எண்ணூறுக்கு முடிச்சேன். வெயிட்டிங் தனியாம்."

"வெயிட் பண்ணச் சொல்லுங்க."

"தனிங்கறேன்."

"குடுத்துக்கலாம்."

அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை முதன்முறையாகக் கேட்டவர் போல அவர் நின்றார், பிறகு இறங்கிப் போனார்.

கனகா மாதம்மாவையும் டாக்டரையும் ஒரே இடத்தில் வைத்துப் பேசினாள். வினிதா தமிழ் புரிந்தவள்தான்.

"மாதம்மா, உள்ளதைச் சொல்றேன். இந்த மருந்து குளிர்லயே இருக்கணும். பன்னெண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் குளிர்ல இருந்துதான்னு யாருக்கும் தெரியாது. நடுவுல ஒரு எண் எழுதியிருக்கு, அது பார்த்து எழுதினது இல்லை. நான் படிச்ச வரைக்கும் சில மணி நேரத்துல இது கெடாது. ஆனா சத்தியம் பண்ணிச் சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்லை."

வினிதா நாற்காலியில் சாய்ந்தாள். "மேடம், ஏன் மேடம்" என்றாள் மெதுவாக.

மாதம்மா கனகாவின் முகத்தையே பார்த்தாள். சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள் பல்லைப் பார்ப்பது போன்ற பார்வை.

"உங்கூட்டுக்காரரு இருந்து, நாளைக்கு அவருக்குப் போடோணும்னா, இந்த ஊசியைப் போடுவீங்களா அம்மணி?"

கனகா நோட்டை மேசைமேல் வைத்தாள்.

"போடுவேன்."

"அப்பப் போடுங்க. எங்க ரேகை வைக்கோணும்?"

"எனக்கு ஆதாரம் வேணும்" என்றாள் வினிதா. "இதை எங்க மேனேஜ்மென்ட் கேட்டா நான் என்ன காட்டட்டும்?"

"என்னைக் காட்டுங்க." கனகா மேசையிலிருந்த வெள்ளைத்தாளை இழுத்துக்கொண்டாள். மருந்தின் பெயர், தொகுதி எண், விதியின் எண். அந்த விதியை மீறித் தருமாறு கேட்பது, எழுதியவளான தான் என்பது. காலக்கெடுவில்லாத பொறுப்பு தன்னுடையது என்பது. கீழே பெயர், பதவி. ஒரு பிரதி தில்லிக்கு, தானே அனுப்புவதாக.

வினிதா படித்தாள். "இது போனா உங்க பென்ஷன்?"

"விசாரணை வைப்பாங்க. வைக்கணும். நானா இருந்தாலும் வைப்பேன்."

வினிதா இன்னொரு முறை படித்துவிட்டு லீலாவைக் கூப்பிட்டாள். "எட்டையும் எடுங்க. நாலு இன்னைக்கு. ரூம் டெம்பரேச்சர் வந்ததும் ஸ்லோவா ஸ்டார்ட் பண்ணுங்க." மாதம்மா எழுந்து, யாரையும் கும்பிடாமல், கண்ணாடிக் கதவை நோக்கி ஓட்டமாக நடந்தாள்.

லீலா ஃபிரிட்ஜைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கனகா நோட்டைக் கேட்டு வாங்கினாள். இரண்டு மணி வரியின் மேல் ஒரே ஒரு கோடு கிழித்தாள், அடியில் இருக்கும் எண் தெரியும்படி. தவறை அழிக்கக் கூடாது, அடிக்கத்தான் வேண்டும் என்பதும் அவர்கள் விதி. பக்கத்தில் எழுதினாள்: 'செவிலி அப்போது என் கணவரின் சிகிச்சையில் இருந்தார்.' சுருக்கொப்பமிட்டு நேரம் போட்டாள். ஐந்து பத்து.

கீழே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். பழனிமுத்துவின் குரல் அவனிடம் ஏதோ கணக்குப் பேசியது.

பக்கத்தின் அடியில் இருப்புக் கணக்குக்கு நான்கு வரி விட்டிருந்தார்கள். ஐந்தாவதாக அவள் ஒன்று போட்டுக்கொண்டாள்.

வாங்கியது இருபது.

அய்யாசாமிக்குப் போட்டது பன்னிரண்டு.

மனோஜ்குமாருக்குக் கொடுத்தது எட்டு.

கையிருப்பு இல்லை.

பதிவு இல்லாதது, நான்கு மணி நேரம்.