ஆறு பன்னிரண்டுக்கு ஊதிய சங்கு

எழுத்தாளர் மாமாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வயதாகிவிட்டது, முட்டி வலி, பாவம் என்று வீட்டில் யாராவது ஆரம்பித்தால் துணி மடிக்க எழுந்து போய்விடுவேன். முட்டி எல்லோருக்கும்தான் வலிக்கிறது.

அவர் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். சிறுவர் வார இதழ் ஒன்றில் துப்பறியும் தொடர்கதை எழுதினார். எல்லாக் கதையிலும் கண்ணாடி போட்ட பையன் ஒருவன் துப்பறிவான், அவனுக்கு ஒரு நாய் இருக்கும், கடைசியில் இன்ஸ்பெக்டர் அவன் தோளில் தட்டிக் கொடுப்பார். நானும் தம்பியும் அந்தக் கதைகளை ஒரு வரி விடாமல் படித்து வளர்ந்தவர்கள். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அந்தக் கதைகளை எல்லாம் தட்டச்சு செய்தது அம்மா. திங்கட்கிழமை சாயங்காலம் மாமா கைப்பிரதியோடு வருவார். முன்னறையில் சுவர்க்கடிகாரத்துக்குக் கீழே இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போவார். புதன்கிழமைக்குள் அம்மா அடித்து, பழுப்பு உறையில் போட்டு ஒட்டிவிடுவாள். நான் சைக்கிளில் கொண்டுபோய் அச்சகத்தில் கொடுப்பேன். அடித்த தாளை மாமா ஒருநாளும் சரிபார்த்ததில்லை. "என் தங்கச்சி கைக்குப் பிழை தெரியாது" என்பார். அச்சகத்து ஃபோர்மேனும் எங்கள் வீட்டுத் தாளைப் படிக்காமலே அச்சுக் கோக்கக் கொடுத்துவிடுவார். பதினைந்து வருடம் இப்படியே நடந்தது. அம்மாவுக்கு நகைநட்டு கிடையாது. அந்தப் பெயர் ஒன்றுதான் அவளுக்கு நகை.

எனக்குப் பதின்மூன்று வயதானபோது நானும் ஒரு கதை எழுதினேன். பள்ளிக்கூடத்தில் பரிசுக் கோப்பை காணாமல் போகிறது. ஓர் அக்காவும் தம்பியும் துப்பறிகிறார்கள். நாய் கிடையாது, எனக்கு நாய் என்றால் பயம். முதலில் அம்மாவிடம் காட்டினேன். அடுப்படியில் நின்றபடியே முழுவதும் படித்துவிட்டு, "மாமாகிட்ட காட்டு, சந்தோஷப்படுவார்" என்றாள்.

நோட்டுப்புத்தகத்தை மாமாவிடம் கொடுத்தேன். கடைசி அத்தியாயத்தை எழுதாமல்தான் கொடுத்தேன். "திருடன் யாருன்னு நீங்களே கண்டுபிடிங்க மாமா" என்று சவால் வேறு.

மூன்று மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். "சின்னப்பிள்ளைத்தனமா இருக்கும்மா. துப்பறியும் கதையெல்லாம் பொம்பளப் பிள்ளைங்களுக்கு வராது. நிறைய படி, பார்க்கலாம்."

நோட்டை அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். எனக்கு இன்றும் ஆறாதது அதுதான்.

ஒரு மாதம் போனது. மாமாவின் புதுத் தொடர் ஆரம்பித்தது. கண்ணாடிப் பையனைக் காணோம், நாயைக் காணோம். ஓர் அக்காவும் தம்பியும். காணாமல் போனது கோப்பை இல்லை, வெள்ளிக் கேடயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர் கொஞ்சம் பெரிய தட்டாவது எடுக்கக் கூடாதா? ஆனாலும் எனக்குச் சந்தேகம்தான். மாமா எவ்வளவு பெரியவர், அவருக்கும் இதே யோசனை வந்திருக்கக் கூடாதா என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

தம்பிக்கு ஒன்பது வயது, பொடி என்று கூப்பிடுவோம். இதழைத் தரையில் விரித்து, குப்புறப் படுத்துப் படித்துக்கொண்டிருந்தவன் ஒரு வரியில் விரலை வைத்தான்.

"அக்கா, இது நம்ம வீட்டுச் சங்கு."

கதையில் விளையாட்டு மாஸ்டர் போலீஸிடம் சொல்கிறார்: 'ஆறு பன்னிரண்டுக்கு ஆலைச் சங்கு ஊதியது. அப்போதுதான் அறையைப் பூட்டினேன்.'

எங்கள் பகுதி ஆலைச் சங்கு சாயங்காலம் சரியாக ஆறு மணிக்கு ஊதும். ஊரே அதைக் கேட்டுத்தான் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும். எங்கள் வீட்டைத் தவிர. அப்பா பஸ் டிரைவர். டிப்போவுக்கு நடக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்று, கல்யாணமான புதிதில் கடிகாரத்தைப் பன்னிரண்டு நிமிடம் முன்னே தள்ளி வைத்தவர், யாரையும் அதைத் தொட விட்டதில்லை. எங்களுக்குச் சங்கு ஊதினால் மணி ஆறு பன்னிரண்டு. பிறந்ததிலிருந்து அப்படித்தான். கதை எழுதும்போதும் யோசிக்காமல் அப்படியே எழுதியிருக்கிறேன். உலகத்தில் இந்தத் தப்பைச் செய்யக்கூடியவர்கள் நாலே பேர், நாலு பேரும் இந்த வீட்டில்தான் இருக்கிறோம்.

மாமா அதையும் விடாமல் எடுத்திருந்தார். வாரம் தவறாமல் அந்தக் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்தவர்தான். ஆனால் அவர் பார்ப்பது கைக்கடிகாரத்தை, தலையை உயர்த்தினால் அல்லவா சுவர் தெரியும்.

பழிக்குப் பழி என்று நோட்டில் பெரிதாக எழுதி அடிக்கோடிட்டேன். பொடி ஒரு வழக்கு நோட்டு போட்டான். குற்றவாளி, சாட்சி, உடந்தை என்று மூன்று தலைப்பு. குற்றவாளிக்கு எதிரே மாமா. சாட்சிக்கு எதிரே கடிகாரம். உடந்தையைக் காலியாக விட்டான்.

"அம்மாதானே அடிச்சாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காதா?" என்றான்.

"அம்மா படிச்சுப் பார்த்து அடிக்கிறதில்லடா. விரலுக்குக் கண்ணு கிடையாதுன்னு சொல்லுவாங்களே."

நான் அப்படி நம்பத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் துப்பறிகிறவர்கள் ஆசைப்படக் கூடாது என்று மாமாவே நாற்பது தடவை எழுதியிருக்கிறார். அம்மா எப்போதாவது ஒரு தாளைக் கெடுத்துவிட்டால், பின்பக்கம் படம் வரைய அதைப் பொடியிடம் கொடுப்பாள். வருடத்துக்கு இரண்டு கிடைத்தாலே அதிகம். பொடியின் ரயில் படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். ஐந்தாவது ரயிலின் பின்னால் இருந்தது.

'ஆறு மணிக்கு' என்று அடித்து, அதன் மேல் 'ம' எழுத்தை ஐந்து தடவை அடித்து மறைத்து, பக்கத்தில் 'ஆறு பன்னிரண்டுக்கு' என்று அடித்திருந்தது. அத்தோடு தாள் நின்றிருந்தது.

விரல் அங்கே தயங்கியிருக்கிறது. படித்திருக்கிறாள். அது யாருடைய சங்கு என்று தெரிந்து, திருத்தப் பார்த்து, பிறகு அண்ணன் எழுதியதையே அடித்திருக்கிறாள்.

அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தாளை நீட்டினேன்.

"ரயில் நல்லா வரைஞ்சிருக்கான்" என்றாள்.

"திருப்பிப் பாரும்மா."

திருப்பினாள். கத்தி நின்றது.

"உனக்கு எப்போ தெரியும்?"

"முதல் பக்கத்துலயே."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அடிச்சேன்." என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள். "அப்பா இல்லாத வீட்டுல என்னைப் படிக்க வச்சது அவருடி. இந்த டைப் மெஷினை வாங்கித் தந்து, யார் கையையும் எதிர்பார்க்காம இருன்னு சொன்னதும் அவர்தான். அவர்கிட்ட போய் என்னன்னு கேட்பேன்?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். நான் உள்ளே போய், வழக்கு நோட்டில் உடந்தை என்பதற்கு எதிரே 'அம்மா' என்று மையில் எழுதினேன். பென்சில் வேண்டாம் என்று பேனாவைத் தேடி எடுத்து எழுதினேன்.

மூன்று வாரம் அம்மாவோடு பேசவில்லை. சாப்பாடு போதும், சீருடை துவைக்கணும் எல்லாம் பொடி வழியாகத்தான் போனது. உறையை மட்டும் புதன்கிழமை தவறாமல் அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். என் கதையை நானே சுமந்து போய்த் திருடன் பெயரில் அச்சுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குள் இதழுக்குக் கடிதங்கள் குவிந்தன. பிள்ளைகளை ஏமாற்றுவது சுலபமில்லை. 'ஆலைச் சங்கு ஏன் ஆறு பன்னிரண்டுக்கு ஊதியது?' என்று கொத்துக் கொத்தாகக் கேட்டிருந்தார்கள். இதழின் ஆசிரியர் சாமர்த்தியக்காரர். 'அதுதான் துப்பு. விடை கடைசி இதழில்' என்று கட்டம் கட்டிப் போட்டுவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமை மாமா வந்தார். அதே நாற்காலி, அதே காபி. என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். அவ்வளவு அன்பை நான் அதுவரை பார்த்ததில்லை.

"நீ ஒரு கதை எழுதினியே, கோப்பையோ என்னவோ. அதுல சங்கு ஒண்ணு வரும்ல? அது ஏன்மா அப்படி வச்ச?"

அவர் தலைக்கு மேலே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பொடி அதைப் பார்த்துச் சிரிப்பு வர, வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினான்.

"மறந்துபோச்சு மாமா. சின்னப்பிள்ளைத்தனமா ஏதோ எழுதினேன்" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மரியாதையாக நான் யாருக்கும் பதில் சொன்னதில்லை.

உண்மையில் விடை என்னிடம் இருந்தது. கடிதங்களைப் படித்த அன்றே என் தப்பை வைத்தே முடிவை எழுதி, தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். அவருக்கு அது கிடைக்காது, ஊர் முன்னால் முழிக்கட்டும். என் பழி அவ்வளவுதான், அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை.

மாமா முழிக்கவில்லை. கடைசி அத்தியாயத்தைத் தானே எழுதி அடுத்த வாரம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மறுநாள் பள்ளிவிட்டு வந்தபோது மெஷின் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. நின்றது நின்றதுதான். எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் பாதி வரியில் நிற்காது. எட்டிப் பார்த்தேன். அம்மா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கைப்பிரதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வா. இதைப் படி" என்றாள்.

கடைசிப் பக்கத்தில், கதை முடிந்த பிறகு, மாமாவின் சாய்ந்த கையெழுத்து: 'குழந்தைகளே, முதல் அத்தியாயத்தில் சங்கு ஊதிய நேரம் தட்டச்சு செய்தவரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை. ஆறு மணி என்று திருத்திப் படிக்கவும்.'

"பதினஞ்சு வருஷம்" என்றாள் அம்மா. குரல் உயரவே இல்லை. "பதினஞ்சு வருஷத்துல ஒரு புள்ளி மாத்தி அடிச்சிருக்கேனா? மாத்தி அடிக்க வேண்டிய இடத்துல கூட அடிக்கலையே. பெத்த பொண்ணு முகத்தைப் பார்க்க முடியாம மூணு வாரமா சோறு போடுறேன். இப்போ இதையும் என் கையாலயே அடிக்கணுமாம்."

எனக்குக் கோபம் போய்விடவில்லை. கொஞ்சம் நகர்ந்து அவளுக்கும் இடம் விட்டது.

அம்மா மெஷினிலிருந்த தாளை உருவி நாலாகக் கிழித்தாள். புதுத் தாளைச் சொருகினாள்.

"உன் முடிவைச் சொல்லு. மெதுவா சொல்லு."

தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து வந்து படித்தேன். கேடயத்தை எடுத்தவர் மாஸ்டர்தான். சங்கு ஊதியபோது அறையைப் பூட்டியதாக அவர் சொன்னது பொய், அவர் அங்கே இல்லவே இல்லை. சங்கு கேட்டபோது அறை பூட்டியிருந்தது என்று துப்பறியும் சிறுமி பேச்சுவாக்கில் சொன்னதை எடுத்து, தானே பார்த்ததுபோல் போலீஸிடம் ஒப்பித்துவிட்டார். நேரத்தையும் சேர்த்து. ஆனால் சங்கு ஆறு பன்னிரண்டுக்கு ஊதுவது அவள் வீட்டுக் கடிகாரத்தில் மட்டும்தான். கடைசியில் அவள் எழுந்து நின்று சொல்கிறாள்: 'ஐயா, நீங்கள் கேடயத்தை மட்டும் எடுக்கவில்லை. ஒரு சின்னப்பெண் சொன்னதை உங்களுடையது என்றும் சொல்லிக்கொண்டீர்கள். பொருளை ஒளித்து வைக்கலாம். அடுத்தவர் வீட்டு நேரத்தை ஒளிக்க முடியாது.'

அம்மா நிறுத்தாமல் அடித்தாள். முடிந்ததும் முதல் பக்கத்தை மறுபடி சொருகினாள். உருளையைத் திருகி, தலைப்புக்குக் கீழே மாமாவின் பெயர் வர வேண்டிய இடத்தில் என் பெயரை அடித்தாள். வயது பதின்மூன்று என்றும் அடித்தாள். அதை நான் கேட்கவில்லை.

"மாமா பார்த்துட்டா?"

"அவர் என்னைக்குப் பார்த்திருக்கார்?" என்று உறையை ஒட்டினாள். "ஊதுற சங்கை ஊதி வைப்போம். நீ சைக்கிளை எடு."

ஃபோர்மேன் வழக்கம்போல் உறையைப் பிரித்துப் படிக்காமல் கோக்கக் கொடுத்தார்.

இதழ் வந்த அன்று சாயங்காலம் மாமா வந்தார். அச்சில் வந்ததை அவர் படிக்கவில்லை, எப்போதும் படிப்பதில்லை. ஆசிரியர் போன் செய்து, யார் இந்தப் பெண், இது யார் கதை என்று கேட்டிருக்கிறார். அதைக் கேட்டதும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடி வந்திருந்தார்.

"என்ன அடிச்சு வச்சிருக்க நீ? என் மானம் போச்சு. அந்தப் பன்னெண்டு நிமிஷத்தை வச்சு என்னைத் திருடன்னு எழுதியிருக்காமே. எங்கிருந்து வந்துச்சு அந்தப் பன்னெண்டு நிமிஷம்?"

ஆலைச் சங்கு ஊதியது.

பழக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு. பொடி சுவரைக் காட்டினான். மாமா அத்தனை வருடத்தில் முதல் முறையாகத் தலையை உயர்த்தி எங்கள் கடிகாரத்தைப் பார்த்தார். சங்கு நின்ற பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த முகத்தை நான் இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு. பழி வாங்கினால் மனசு கசக்கும் என்று சொல்வார்கள். எனக்கு இனித்தது.

"என் மெஷினைக் கொடு" என்றார் கடைசியில்.

"எடுத்துக்குங்க அண்ணா. மெஷின் உங்களுது. விரல் என்னுது" என்றாள் அம்மா.

இரண்டு மாடி இறங்க வேண்டும். அந்த மெஷின் நல்ல கனம். பொடி ஓடிப்போய்க் கதவை மரியாதையாகத் திறந்து பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு படிக்கும் மாமா நின்று மூச்சு வாங்கியது மேலே எங்களுக்குக் கேட்டது.

மெஷின் இருந்த மேஜையில் நாலு கால் தடம் தெரிந்தது. அம்மா ஈரத்துணியால் அதைத் துடைத்தாள். போகவில்லை. மறுபடி துடைத்தாள். நாளையிலிருந்து அவளுக்கு வேலை இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உள்ளே போய் வழக்கு நோட்டைத் திறந்தேன். மையில் எழுதியது, அழிக்க முடியாது. 'அம்மா' என்பதன் மேல் 'ம' என்று ஐந்து தடவை எழுதி மறைத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கீழே இருப்பது தெரியத்தான் செய்தது. அப்படியே மூடி வைத்துவிட்டு, துடைக்கிற துணியை அவள் கையிலிருந்து வாங்கப் போனேன்.