கயல் பேருக்கு வந்த மெயில்

மேற்கே மலைமேல் மேகம் கூடக்கூட ஈஸ்வரபாண்டிக்கு இருப்புக்கொள்ளவில்லை. சுருளிப்பட்டித் தோட்டத்தில் பன்னீர் திராட்சை பழுத்துக் கிடந்தது. மழை ஒரு தட்டுத் தட்டினால் பழமெல்லாம் வெடித்துவிடும். லாரி என்றைக்கு வரும் என்பதைக் கொச்சி வியாபாரி மெயிலில் சொல்வதாக ஏற்பாடு. அந்த மெயிலைத்தான் அவனால் திறக்க முடியவில்லை.

எல்லாம் தவசியால் வந்தது. உரக்கடை வைத்திருக்கும் தவசி முந்தின நாள் வந்து, கம்ப்யூட்டர் ஊர்ந்து ஊர்ந்து வேலை செய்வதைப் பார்த்தான்.

"குக்கீன்னு ஒண்ணு உள்ள உக்காந்துக்கிட்டு மெசினையே தின்னுருமாம்ப்பா. பேப்பர்ல போட்டிருந்தான். மொதல்ல அத அழி."

ஈஸ்வரபாண்டி தேடிப் பிடித்து அழித்தான். கம்ப்யூட்டரின் வேகம் கூடவில்லை. ஆனால் மறுநாள் காலையில், அதுவரை தொட்டதும் திறந்த மெயில் பாஸ்வேர்டு கேட்டது. மறந்துவிட்டதா என்று கீழே ஒரு வரி வேறு. மறப்பதற்கு அவனுக்கு அது எப்போது தெரிந்திருந்தது? அந்த மெயில் கயலுடையது. வியாபாரியின் போன் நம்பரும் அதற்குள்தான் இருந்தது.

கயல் அவன் மனைவி. கொச்சிக்காரரைக் கண்டுபிடித்து, எழுதிப் பேசி வியாபாரத்தைப் படிய வைத்தவள் அவள்தான். சொந்தக்காரர்கள் கூடிய ஒரு விசேஷ வீட்டில், 'நான்தான் முடித்தேன்' என்று அவன் பெருமை பேசினான். அவள் பக்கத்தில்தான் நின்றாள். அன்றைக்குக் கிளம்பிக் கடமலைக்குண்டுக்கு, அம்மா வீட்டுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. அவன் போனையும் எடுப்பதில்லை.

வண்டியை எடுத்தான். தேனி தாண்டும்வரை திரும்பித் திரும்பி மலையையே பார்த்துக்கொண்டு போனான்.

"மாப்ள வந்திருக்காக," என்று மாமியார் ஜக்கம்மா உள்ளே பார்த்துச் சொன்னார். கயல் வந்தாள். வாங்க என்றாள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் விஷயத்தைச் சொல்லி முடித்தான்.

"குக்கீ கம்ப்யூட்டர ஒண்ணும் பண்ணாது," என்றாள் கயல். "வைரஸ் வேற, அது வேற. வந்திருக்கிறது யாருன்னு அடையாளம் தெரிய, அந்த சைட்டு நம்ம மெசின்ல போட்டு வைக்கிற துண்டுச்சீட்டு, அம்புட்டுத்தான்."

"அழிச்சதும் கேடு வந்துருச்சே."

"பாஸ்வேர்டு தெரிஞ்சவுகளுக்கு ஒரு கேடும் இல்ல," என்றாள். "நான் வீட்ட விட்டு வந்த பெறகும் அந்தச் சீட்டு அங்கனயே கெடந்துச்சு. அத வச்சு நீங்க நானா உள்ள போயிட்டு வந்துக்கிட்டு இருந்தீக. கொச்சிக்காரரு இன்னமும் கயல் மேடம்னுதான எழுதுறாரு?"

அவனுக்கு முகம் கறுத்தது. 'மேடம்' என்று வந்த ஒவ்வொரு மெயிலுக்கும் அவன் திருத்தாமல்தான் பதில் போட்டிருந்தான்.

"ஆமா," என்றான். "அன்னைக்கு அத்தன பேரு முன்னாடி நான் சொன்னது பொய்யி. வேலை உன்னோடது."

கயல் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

கடைத்தெருவில் இருந்த பிரவுசிங் சென்டரில் அவளே மெயிலைத் திறந்தாள். லாரி மறுநாள் மதியம் வருகிறது என்றிருந்தது. பழம் தயார் என்று அவள் பதில் எழுதினாள். அடியில், இனி தோட்டத்து மெயில் வேறு முகவரியிலிருந்து வரும் என்று ஒரு வரி சேர்த்தாள். அவன் பேரில் புதிதாக ஒரு மெயில் கணக்குத் தொடங்கி, பாஸ்வேர்டை அவனையே அடிக்கச் சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எழுந்திருக்கும்போது குக்கீயை அழித்தாள்.

"ஒண்ணும் பண்ணாதுன்ன?"

"மெசின ஒண்ணும் பண்ணாது. அடுத்து வந்து உக்கார்றது யாருன்னு நமக்குத் தெரியுமா?"

"நீயும் வா கயலு."

"இப்பப் போயி ஆளுகளுக்குச் சொல்லுங்க. விடிஞ்சா பழம் வெட்டணும்ல."

மறுநாள் லாரி கிளம்பும்போதுதான் தூறல் விழுந்தது. கடைசிப் பந்தலில் கொஞ்சம் பழம் நனைந்தது, அவ்வளவுதான். ஈஸ்வரபாண்டி தலையைக்கூடத் துவட்டாமல் வந்து உட்கார்ந்து, பழம் போய்விட்டது என்று கயலுக்கு எழுதினான். பதில் வந்திருக்கிறதா என்று பொழுது சாயும்வரை திறந்து திறந்து பார்த்தான். பிறகு மின்சாரம் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அவளே வந்து இறங்கினாள்.