எலீசியம் அறைக்கு எட்டுப் பேர்

கஸ்தூரிரங்கன் போன மே மாதம் நான்கு நாள் சுற்றுலாவாகக் கிரேக்கம் போய்விட்டு, ஃபிரிட்ஜில் ஒட்டும் மூன்று காந்தங்களோடும் ஒரு தத்துவத்தோடும் திரும்பி வந்தார். காந்தங்கள் வீட்டுக்குப் போயின. தத்துவம் சிறுசேரி அலுவலகத்துக்கு வந்தது. அங்கே முந்நூறு பேருக்கு அவர்தான் தலைவர் என்பதால் அதைத் தடுக்க ஆளில்லை.

ஒரே வாரத்தில் மீட்டிங் அறைகளின் பெயர்கள் மாறின. ஏசி ஓடாத அறை, கடவுள்களின் ராஜா பெயரில், ஜீயஸ் ஆனது. காபி மெஷின் மூலை, தேவர்களின் சாப்பாட்டுப் பெயரில், அம்ப்ரோசியா. வேலையை விட்டு அனுப்பப்படுகிறவர்களிடம் கையெழுத்து வாங்கும் சின்ன அறைக்கு எலீசியம் என்று பெயர் வைத்தார். மாவீரர்கள் செத்த பிறகு போய்ச் சுகமாக இருக்கும் இடமாம் அது. சாவி எச்.ஆர். மேனேஜர் மிருதுளாவிடம் இருந்தது.

புதன்கிழமை அவர் அவளைக் கூப்பிட்டார்.

"கிளையன்ட் கான்ட்ராக்டை ரின்யூ பண்ணாம இழுத்தடிக்கறான். எட்டு பேரைக் குறைச்சாத்தான் கையெழுத்துப் போடுவானாம். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுடுங்க."

மிருதுளா ஊழியர்களின் வருடாந்தர மதிப்பெண் பட்டியலை எடுத்துக் கீழிருந்து எட்டுப் பேரைப் பிரித்தாள். ஆறாவது வரியில் ஜாஸ்மின்.

ஜாஸ்மின் இரும்புலியூர்க்காரி. மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலை. கம்பெனி பஸ்ஸில் நான்கு வருடமாக மிருதுளாவின் பக்கத்து சீட். மிருதுளா டெங்குவில் விழுந்தபோது ஒன்பது நாள் கஞ்சி கொண்டுவந்தவள். அவள் அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், கம்பெனி இன்சூரன்ஸில். வேலை போனால் இன்சூரன்ஸும் போகும். அந்த அட்டையை அலைந்து வாங்கிக் கொடுத்ததே மிருதுளாதான்.

அவள் ஆறாவது வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, மதிப்பெண் போட்டது தான் இல்லையே என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு மதியச் சாப்பாடு வரை தாங்கியது.

இன்னொரு சிக்கல் இருந்தது. எட்டுப் பேருக்கும் வியாழனும் வெள்ளியும் வீட்டிலிருந்துதான் வேலை. வேலை போன சேதி முன்னாடியே தெரிந்தால் லேப்டாப் திரும்பி வருவதில்லை. வந்தாலும் சார்ஜர் வருவதில்லை. "எதையாவது சொல்லி நேர்ல வரவைங்க" என்றார் கஸ்தூரிரங்கன். மிருதுளா எட்டுப் பேருக்கும் மெயில் எழுதினாள்: 'நாளைய தலைவர்கள்' பயிலரங்கு. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு மட்டும். மதிய விருந்து உண்டு. லேப்டாப் அவசியம். கடைசியில் 'வாழ்த்துகள்' என்று போட்டு ஓர் ஆச்சரியக்குறி வைத்தாள். உயிரில்லாமல் தெரிந்ததால் இன்னொன்றும் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை காம்ப் ரோட்டில் மிருதுளா பஸ் ஏறியபோது, ஜாஸ்மின் ஈஸ்டருக்கு எடுத்த மாம்பழக் கலர் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள்.

டிரைவர் மாரி கண்ணாடியில் பார்த்துக் குரல் கொடுத்தார். "பாருங்க மேடம், பட்டு இன்னா, பவுடர் இன்னா! ஆபீஸ்லயே கல்யாணம் பண்ணிக் குடுக்கப் போறீங்களா இன்னா?"

"ரோட்டைப் பாருங்கண்ணா, எங்கயாவது மோதிடப் போறீங்க" என்றாள் ஜாஸ்மின். பிறகு மிருதுளாவின் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "எனக்குத் தெரியும்க்கா. நீங்கதான என் பேரைப் போட்டீங்க? அம்மா உங்களுக்காக ஜெபம் பண்ணாங்க."

மிருதுளா மேடவாக்கம் சிக்னல் வரை ஜன்னலுக்கு வெளியே ஒரு பீங்கான் கடையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பஸ் முன்னமே அதைத் தாண்டிவிட்டிருந்தது.

பயிலரங்கு ஜீயஸ் அறையில். எட்டுப் பேரும் விசிறிக்கொண்டே கேட்டார்கள். கஸ்தூரிரங்கன் திரையில் தன் சுற்றுலாப் படத்தைப் போட்டார். உடைந்த தூண்களுக்கு நடுவே உடையாத ஒரே பொருளாக அவர் நின்றார்.

"அகமெம்னான்னு ஒரு ராஜா. ஆயிரம் கப்பல், ட்ராய் நகரத்து மேல படையெடுப்பு. ஆனா காத்து இல்லை! கப்பல் நகரலை. ஜோசியன் சொல்றான், தேவதை கோபமா இருக்கா, உன் பொண்ணைப் பலி குடுத்தா காத்து வீசும்னு. ராஜா என்ன பண்ணான்? அக்கிலீஸ்ங்கிற பெரிய வீரனோட உனக்குக் கல்யாணம்னு மகளுக்கு லெட்டர் போட்டான். அவளும் அலங்காரம் பண்ணிண்டு வந்தா. பலி குடுத்தான். காத்து வீசித்து. இதுதான் லீடர்ஷிப். டஃப் டெசிஷன்!"

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். ஜாஸ்மின் கை தூக்கினாள்.

"சார், ஒரு டவுட். ராஜாதான் பிஸியா இருப்பாரே, அந்த லெட்டரைக் கையால எழுதினது யாரு?"

"எவனாவது குமாஸ்தாவா இருக்கும்மா."

"கல்யாணம் பொய்னு அவனுக்குத் தெரியுமா சார்?"

"அதெல்லாம் கதையில முக்கியமில்லை. எல்லாம் விதி. எழுதினவன் வெறும் கருவி."

பின்வரிசையில் கருவி தன் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டியது.

மதியம் மற்றவர்கள் பிரியாணிக்கு வரிசையில் நிற்கையில் மிருதுளா அவர் அறைக்குள் போனாள்.

"சார், லிஸ்ட்ல இருந்து ஜாஸ்மினை எடுத்துடலாம். அவங்க அம்மாவுக்கு டயாலிசிஸ். என்னால முடியலை சார்."

எதிர்த்துப் பேசுவார் என்று எதிர்பார்த்து ஏழெட்டு வாக்கியங்களைத் தயாராக வைத்திருந்தாள். அவர் தயிர்சாதத்திலிருந்து நிமிரக்கூட இல்லை.

"தாராளமா எடுங்கோ. கிளையன்ட் கேட்டது எட்டு. யார் யாருன்னு அவன் கேக்கலையே. ரெண்டரைக்குள்ள எட்டு இருக்கணும், லேப்டாப்போட."

வெளியே வந்தவளுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு பெயரைக் காப்பாற்ற இவ்வளவுதான் வேண்டியிருந்தது என்பது அவமானமாகக்கூட இருந்தது. பிறகு பட்டியலைத் திறந்தாள். ஒன்பதாவது ஆள் கோயம்புத்தூரில், லேப்டாப்போடு. பத்தாவது ஆளும் வீட்டில். தலையைத் தூக்கித் தளத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

தூணுக்குப் பக்கத்தில் ஜெர்சன் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான். வந்து ஏழு மாதம்தான். பட்டியலில் அவன் பெயர் எங்கோ நடுவில் இருந்தது. ஒருமுறை மழையில் அவளுக்குக் குடை கொடுத்திருக்கிறான். அவள் இன்னும் திருப்பித் தரவில்லை.

"இன்னைக்கு வொர்க் ஃப்ரம் ஹோம் இல்லையா ஜெர்சன்?" என்று கேட்டாள்.

"இல்ல மேடம், அனகாபுத்தூர்ல இன்னைக்குக் காலைல இருந்து பவர் ஷட்டவுன்னு சொன்னாங்க. அதான் கிளம்பி வந்துட்டேன்." அவன் சிரித்தான். "சாப்பிட்டீங்களா மேடம்?"

அவன் முன்னால் லேப்டாப் இருந்தது. சார்ஜரும் செருகியிருந்தது.

மூன்று மணிக்கு எலீசியத்துக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவன் கத்தினான். ஒரு பெண் அழுதாள். மூன்று பேர் பிரியாணியைப் பற்றிக் கசப்பாக ஏதோ சொன்னார்கள். எட்டாவதாக ஜெர்சன் வந்தான்; தவறுதலாக வந்துவிட்டவன் மாதிரி வாசலிலேயே நின்றான்.

"மேடம், எனக்கு அந்த பயிலரங்கு மெயில் வரலையே? அந்த எட்டு பேர்தான்னு வெளிய பேசிக்கிறாங்க."

"லிஸ்ட்ல கடைசி நேரத்துல ஒரு சேஞ்ச், ஜெர்சன்."

"எதுக்குன்னு தெரிஞ்சுக்கலாமா மேடம்?"

"மேலிடத்து முடிவு."

அவன் கையெழுத்துப் போட்டு, கழுத்திலிருந்த ஐடி கார்டைக் கழற்றி வைத்தான். லேப்டாப் மூடியில் யாரோ குழந்தை ஒட்டிய மீன் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். அது வரவில்லை. அப்படியே வைத்துவிட்டுப் போனான்.

மாலை பஸ் கேம்பஸ் வாசலைத் தாண்டியதும் மாரி பிரேக் போட்டார்.

"மேடம், ஜெர்சனு தம்பி ஸ்டாப்புல நின்னுகினு கீது. எப்பவும் தாம்பரம் வரைக்கும் நம்ம வண்டிதான். ஏத்திக்கவா? ஐடி கார்டு இல்லாம ஒர்த்தனையும் ஏத்தாதன்னு மெயில் போட்டது நீங்கதானே, அதான் கேக்குறேன். அப்பால பேஜாராப்பூடும்."

பஸ் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது.

"ஏத்திக்கங்கண்ணா."

ஜெர்சன் ஏறினான். தோளில் பை தட்டையாகத் தொங்கியது. "தேங்க்ஸ் மேடம்" என்று மனதாரச் சொல்லிவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்தான்.

"பாவம்க்கா" என்று ஜாஸ்மின் கிசுகிசுத்தாள். "காலைல என்கூட உக்காந்திருந்த ஏழு பேரும் போயாச்சு. நான் மட்டும் எப்படித் தப்பிச்சேன்னே தெரியல, கர்த்தர் கிருபை. ஆனா இவர் நல்லா வேலை செய்வாரே, இவர் பேர் எப்படி வந்துச்சு?"

"விதி" என்றாள் மிருதுளா. குரல் அப்படியே கஸ்தூரிரங்கனுடையதாக இருந்தது.

ஜாஸ்மின் போனை நோண்டினாள். சிறிது நேரம் கழித்து முழங்கையால் இடித்தாள். "அக்கா, சார் பாதிக் கதைதான் சொல்லியிருக்காரு! அந்தப் பொண்ணு சாகலையாம். கடைசி நிமிஷத்துல தேவதை வந்து, அவ இடத்துல ஒரு மானை வச்சுட்டு, அவளைத் தூக்கிட்டுப் போயிடுச்சாம். எவ்ளோ நல்ல தேவதை, இல்ல?"

"அந்த மான் எங்கிருந்து வந்துச்சாம்?"

"அதெல்லாம் போடலக்கா. மானைப் பத்தி யாரு எழுதப் போறா?"

முன் சீட்டில் ஜெர்சனின் போன் அடித்தது. மனைவியாக இருக்க வேண்டும். "ம்... கிளம்பிட்டேன். வந்து சொல்றேன். இல்ல, ஒண்ணுமில்ல, வந்து சொல்றேன்" என்றவன் சற்று நிறுத்தினான். பிறகு, தன்னை மீறிச் சிரித்துவிட்டான்.

"என்னது? இன்னைக்குக் கரண்டே போகலையா?"