இரண்டாம் வரிசைக் குழிகள்

'மார்ச் 14. தவறு: இரண்டாம் வரிசைக் குழிகளில் மருந்து ஊற்றக்கூடாது. ஊற்றிவிட்டேன். மறைக்க வழியில்லை, வகுப்பே பார்த்துவிட்டது.'

வகுப்பு முடியும் முன்பே அவள் தன் குறிப்பேட்டில் இதை எழுதிவிட்டாள். எழுதினால் மனம் ஆறும் என்பது அவள் கணக்கு. இன்று ஆறவில்லை.

பகலில் அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் பில் போடுகிறாள். மாலையில் ஆய்வுக்கூடப் படிப்பு. இந்தப் பாடத்துக்கு ரத்தத்திலிருந்து நோயை எதிர்க்கும் உதவி டி செல்களைப் பிரித்து, வரிசையாகச் சிறு குழிகள் உள்ள தட்டில் வளர்த்தார்கள். எந்த வகையாக வளர்வது என்று இன்னும் முடிவாகாத இளம் செல்கள். அவற்றின் மேல் 'போதும்' என்று அடக்கும் ஏற்பி ஒன்று உண்டு. முதல் வரிசையில் அதை மருந்தால் மூட வேண்டும், இரண்டாவதில் விட்டுவிட வேண்டும். போன வாரம் அவள் இரண்டிலும் மூடிவிட்டாள்; இன்று முடிவு திரையில் தெரிந்தது.

"ரெண்டு வரிசையும் ரவுடிங்களா? நல்லா வளர்த்திருக்கே போ," என்றான் பக்கத்து மேசைக்காரன்.

ஆசிரியை திரையைப் பார்த்தார். "ஏற்பியை மூடினா, அமைதிப்படுத்துற வகையா மாற வேண்டியதுகூட சண்டைக்குப் போயிடும். புற்றுநோய்க்கு இப்ப இதே மாதிரி மருந்துதான் குடுக்குறாங்க. கட்டியை அடிக்கும். சில பேருக்குக் குடலையும் சேர்த்து அடிச்சிடும்."

நுரையீரல் கட்டிக்கு அவள் அண்ணனுக்கு ஏற்றுவது அந்த மருந்துதான். சில நாட்களாக அவன் கழிவறையே கதி என்று கிடந்தான். ஆபீஸ் கேன்டீனைத் திட்டினான். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை நேற்று மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்ததே அவள்தான்.

வீட்டுக்கு வந்தபோது கழிவறைக் கதவு சாத்தியிருந்தது.

"அண்ணா, மறுபடியும் போகுதா?"

"இதுக்கும் பில் போடப் போறியா?"

"விளையாடாதே. மாத்திரை கேக்கலையா?"

"போட்டதும் நின்னுச்சு. மத்தியானத்துலேர்ந்து மறுபடி."

"ரத்தம் போகுதா?"

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் நின்றது. "கொஞ்சம்தான்."

"ஏன் சொல்லல?"

கதவைத் திறந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது. "சொன்னா மருந்தை நிறுத்திடுவாங்க, பொடிசு. கட்டி சுருங்குதுன்னு இப்பதான் சொன்னாங்க. வேற மருந்து எதுவும் எனக்குக் கேக்கல."

அவள் ஃபோனை எடுத்தாள். ஒரு வரிசையைக்கூடச் சரியாகச் செய்யாதவள் அண்ணன் உயிரில் தலையிடுவதா? ஒருவேளை கேன்டீன் சாப்பாடாகவே இருந்தால்?

"நான் தப்பா நினைக்கலாம்ணா. ஆனா கேட்டுடறேன்."

ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த மருந்து அட்டையிலிருந்த எண்ணை அழைத்தாள்; செவிலியர் பேசினார். அவர் கேட்டதற்கெல்லாம் அவள் சொன்னாள்: காய்ச்சல் இல்லை, கடும் வலி இல்லை, மயக்கம் இல்லை, நிறுத்தும் மாத்திரை போட்டிருக்கிறான். "அந்த மாத்திரையை இனிமே குடுக்காதீங்க. உள்ளே நடக்கிறதை அது மறைச்சிடும். காலையில முதல் வேலையா கூட்டிட்டு வாங்க. காய்ச்சலோ வலியோ வந்தா, ரத்தம் கூடினா, விடியற வரைக்கும் காத்திருக்காதீங்க."

"மருந்தை நிறுத்திடுவீங்களா?"

"டாக்டர் பார்த்துட்டுதான் சொல்லணும்மா."

ஃபோனை வைத்தாள். அண்ணன் சுவரோரம் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தொட்டாள். பிறகு எழுதினாள்.

'நாளை: கடைக்கு விடுப்பு சொல்ல வேண்டும். அண்ணனைப் புற்றுநோய்ப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும். மாத்திரை வாங்கிக் கொடுத்தது நான் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.'